ஒன்பதாவது துண்டு

டெட்ராய்ட்
14 ஜூன் 1953

அன்புள்ள வெர்டெல்லுக்கு,

வந்து சேர்ந்து எட்டு நாளாகிறது. இறங்கிய அன்றைக்கே எழுதியிருக்கலாம். கோபம் இறங்கவில்லை, அதனால் எழுதவில்லை. இப்போதும் முழுசாக இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

நம் ஊர் ஹோசியா ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். அவன் வீட்டு மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைக் கையால் தொடலாம். மூன்றாம் நாளே இரும்பு வார்க்கும் ஆலையில் சேர்த்துவிட்டான். காதுக்குள் இன்னும் இரைச்சல் இருக்கிறது. தூக்கம் சரியில்லை. மற்றபடி குறையில்லை.

பேசாமல்தான் கட்டிக் கொடுத்தாய் என்றாலும், அந்த ஷூப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நீ பொரித்து வைத்த கோழி ஒன்பது துண்டும் மூன்று வேளைக்கு வந்தது. ரயில் சாப்பாட்டுப் பெட்டியில் நம் கறுப்பு ஜனங்களை உட்கார விடமாட்டார்கள் என்பதால் எங்கள் பெட்டியில் ஆளாளுக்கு ஒரு ஷூப் பெட்டி வைத்திருந்தார்கள். எதிரே இருந்த அம்மா என் மடியை எட்டிப் பார்த்து, "யாருப்பா பொரிச்சது? என் கோழியைத் தரேன், ஒரு துண்டு மாத்திக்கிறியா?" என்று கேட்டாள். நான் மாற்றிக்கொள்ளவில்லை. சின்சினாட்டியில் ஆற்றைத் தாண்டி வடக்கு எல்லைக்குள் நுழைந்ததும் கண்டக்டர் வந்து, இனிமேல் எந்தப் பெட்டியிலும் போய் உட்காரலாம் என்றார். எல்லோரும் எழுந்தார்கள். என் கையில் கடைசித் துண்டு இருந்தது, அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கவைத்துண்டு, நெஞ்சின் மேல்முனையைக் கவை எலும்போடு நான் தனியாக வெட்டி எடுப்பேனே, அது. அதை அடியில் வைத்திருந்தாய்.

போன வாரம் ஹோசியா ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். "டெட்ராய்ட்லயே இதான்டா நம்பர் ஒன்" என்றான். கோழிக்கு மேலே கோட்டு போட்ட மாதிரி மாவு. கடித்தால் கோட்டு தனியாகக் கழன்று வருகிறது, உள்ளே கோழி உப்பில்லாமல் வெறும் உடம்போடு இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் இங்கே வந்துவிட்டார்கள். இவர்களில் ஒருத்தருக்குக்கூடவா பொரிக்கத் தெரியாமல் போயிற்று? தேடிப் பார்க்கிறேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் மறக்கவில்லை. பாஸ்டர் பிக்கெட் முன்னால் சொன்னாய். "எங்க போனாலும் நீ கோழிதான் வெட்டப்போற லான்சோ. அதை இங்கயே இருந்து வெட்டேன்." அவர் வாயில் நம் வீட்டுத் தொடைக்கறி, அதை வைத்துக்கொண்டே சிரித்தார். பத்து வருஷம் நம் ஊர் ஹோட்டலின் பின்கட்டில், வெள்ளைக்காரர்கள் முன்கட்டில் உட்கார்ந்து தின்பதற்காக நான் கோழி வெட்டினேன். இனி அடுத்தவன் கோழியில் கத்தி வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். இங்கே நான் இரும்பு ஊற்றுகிறேன். அதை பாஸ்டரிடம் சொல்.

வருஷம் முடிவதற்குள் உன்னை அழைத்துக்கொள்வேன்.

லான்சோ

*

ஹாலோவே, ஜார்ஜியா
28 ஜூன் 1953

லான்சோ,

பாஸ்டரிடம் சொன்னேன். "இரும்பா? நல்லது, நல்லது. அடுத்த ஞாயிறு என்ன சமையல்?" என்று கேட்டார். அவ்வளவுதான் உன் இரும்புக்கு மரியாதை.

நான் சொன்னது தப்பு என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். சொன்ன இடம்தான் தப்பு. சொன்னது எனக்கு அப்படித்தான் பட்டது. நீ போகிறேன் என்று சொன்னபோதெல்லாம் "நாம் போகலாம்" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிய பிறகுதான் "உன்னை அப்புறம் அழைத்துக்கொள்கிறேன்" என்றாய். அந்தக் கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

அந்தக் கடைசி ஞாயிறு சாப்பிட்டபின் நீயும் நானும் வழக்கம்போல அந்தக் கவை எலும்பை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து இழுத்தோம். நீளமான பாதி எனக்கு வந்தது. நீளமான பாதி யாருக்கு வருகிறதோ அவர் மனதில் நினைத்தது நடக்கும் என்பார்கள். என்ன நினைத்தாய் என்று நீ கேட்கவில்லை. கேட்க நேரமில்லாமல் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இங்கே வெயில் தாங்கவில்லை. பீக்கன் கொட்டை உடைக்கும் கூடத்தில் இன்னும் வேலை ஆரம்பிக்கவில்லை. பக்கத்து வீட்டு ஓலா மே தினமும் வந்து, "கடிதாசி வந்துதா?" என்று கேட்கிறாள். வந்தால் அவளுக்கு என்ன, வராவிட்டால் என்ன? நேற்று ஒரு கோழி அடித்தேன். வெட்ட நீ இல்லை, நானே வெட்டினேன். கவைத்துண்டு கோணலாக வந்தது. நீ வெட்டுவது, நான் பொரிப்பது என்று பதினோரு வருஷம் பழகிவிட்டோம். ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் செய்தால் சரியாக வரவில்லை.

தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய். இரும்புப் பொறி பட்டால் முடி மறுபடி வராது.

வெர்டெல்

*

டெட்ராய்ட்
2 ஆகஸ்ட் 1953

அன்புள்ள வெர்டெல்லுக்கு,

முடி இருக்கிறது. வேலை எப்போதும்போல.

ஞாயிறு வந்தால் அறையில் இருக்க முடிவதில்லை. கால் அரிக்கிறது. ஹேஸ்டிங்ஸ் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கிறேன். இதுவரை ஆறு இடத்தில் கோழி தின்றுவிட்டேன். மிசிசிப்பிக்காரர் ஒருவர் வைத்திருக்கும் கடையில் மிளகு நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய கொழுப்பையே திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறார், நேற்றுப் பொரித்த மீன் இன்று கோழியில் மணக்கிறது. ஒரு சர்ச்சின் நிலவறையில் அர்கன்சாவிலிருந்து வந்த அம்மாக்கள் பொரிக்கிறார்கள். அது பரவாயில்லை, கடித்ததும் உன் ஞாபகம் கொஞ்சம் வந்தது. இரண்டாவது கடியில் போய்விட்டது. மற்ற நான்கைப் பற்றி எழுதினால் மை வீண்.

இதில் ஒரு விஷயம் கேள். இந்த ஊரில் ஒருத்தருக்கும் கோழி வெட்டத் தெரியவில்லை. நெஞ்சை நடுவில் நெடுக்காகப் பிளந்துவிடுகிறார்கள். கவை எலும்பு அங்கேயே இரண்டாகத் தெறித்துப்போகிறது. எட்டே துண்டு. ஆறு கடையிலும் எட்டே துண்டு. மிசிசிப்பிக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, ஒன்பதாவது துண்டு எங்க?"

"கோழிக்கு எட்டுதானேய்யா."

"எங்க ஊர்க் கோழிக்கு ஒன்பது."

"அப்ப உங்க ஊர்லயே இருந்திருக்க வேண்டியதுதானே?"

தட்டைத் தள்ளிவிட்டு வந்தேன். அன்று முழுதும் நடந்தேன்.

நீ கோழியை எவ்வளவு நேரம் மோரில் போடுவாய்? சும்மாதான் கேட்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

லான்சோ

*

ஹாலோவே
16 ஆகஸ்ட் 1953

லான்சோ,

கேட்கிறவர்களுக்கு எவ்வளவு நேரம் தோன்றுகிறதோ அவ்வளவு நேரம் போடச் சொல்.

நாலு பக்கத்துக்குக் கோழியைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஆலையைப் பற்றி இரண்டே சொல். போன கடிதத்தில் காதில் இரைச்சல் என்றாய், இரும்பு என்றாய். இப்போது "எப்போதும்போல" என்றால் எப்படிப்போல? எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்காரர் க்ரூம் வந்திருந்தார். குதிரையைவிட்டு இறங்காமலேயே பேசினார். "உன் புருஷன் வரானா, நீ போறியா, எதுன்னாலும் டிசம்பர் முதல் தேதிக்குள்ள சொல்லிடு. அடுத்த வருஷத்துக்கு இருக்கறதா இருந்தா கையெழுத்துப் போடு. இல்லேன்னா வேற குடும்பம் காத்திருக்கு." சரி என்றேன். கையெழுத்துப் போட்டால் இன்னொரு முழு வருஷம் இங்கேதான். போடாவிட்டால் நீ அழைத்தாக வேண்டும். இதற்கு நடுவில் நான் நிற்க ஒரு இடமும் கிடையாது. இது உனக்குப் புரிகிறதா?

எனக்கும் தூக்கம் சரியில்லை. நீ மட்டும்தான் தூங்காமல் இருக்கிறாய் என்று எண்ண வேண்டாம்.

வெர்டெல்

*

டெட்ராய்ட்
20 செப்டம்பர் 1953

அன்புள்ள வெர்டெல்லுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன்.

க்ரூமிடம் இன்னும் ஒன்றும் சொல்லாதே. கொஞ்சம் பொறு. இங்கே சில காரியங்கள் நேராக வேண்டியிருக்கிறது. என்ன காரியம் என்று கேட்காதே, நேரானதும் எழுதுகிறேன்.

ஒரு நல்ல சேதி. தேடியது கிடைத்த மாதிரி இருக்கிறது. ஹேஸ்டிங்ஸ் தெருவிலிருந்து ஒரு சந்து உள்ளே போனால் மிஸ் குயீனி என்பவர் கடை. பத்தே மேசை. அலபாமாக்காரர். பொரியல் உன் பக்கத்தில்கூட வராது, ஆனால் நேர்மையான கடை, கொழுப்பு தினம் புதுசு. நேற்று நின்றபடியே ஒரு கவைத்துண்டு தின்றேன். எத்தனை மாதத்துக்கு அப்புறம், தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு தின்றேன்.

இன்னொன்று. ஹோசியா மனைவி லர்லீன் உன் முறையில் பொரிக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறாள். தினமும் நச்சரிக்கிறாள். மோர், உப்பு, மாவு, தீ, எதற்கு எவ்வளவு என்று விவரமாக எழுது. சீக்கிரம் எழுது. நான் வெட்டிக் கொடுத்துவிட்டுப் பின்படியில் போய் உட்கார்ந்துவிடுவேன், நீ என்ன செய்வாய் என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இப்போது அது வருத்தமாக இருக்கிறது.

லான்சோ

*

ஹாலோவே
4 அக்டோபர் 1953

அன்புள்ள லான்சோவுக்கு,

உன் கடிதம் படித்து மிகவும் சந்தோஷம். நல்ல கடை கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. ஆசையாகக் கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. இதோ எழுதுகிறேன்.

கோழியை ராத்திரி முழுதும் மோரில் போடு. உப்பு மோரிலேயே போடு. காலையில் வடித்துவிட்டு, மாவில் மிளகும் கொஞ்சம் உப்பும் கலந்துகொள். மாவு இரண்டு கோப்பை என்றால் சர்க்கரை அரைக்கோப்பை. சர்க்கரைதான் என் ரகசியம், இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இரும்புச் சட்டியில் பன்றிக்கொழுப்பு நிறைய வேண்டும். தீ எவ்வளவு பெரிதாக வைக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக வை. மூடாதே. பொன்னிறம் தானாக வரும்.

கேட்டவளுக்கு என் அன்பைச் சொல். நன்றாக வந்ததா என்று அவசியம் எழுது.

இங்கே பீக்கன் வேலை தொடங்கிவிட்டது. விரல் நுனியெல்லாம் கறுப்பு.

அன்புடன்,
வெர்டெல்

*

டெட்ராய்ட்
25 அக்டோபர் 1953

வெர்டெல்,

சர்க்கரை அரைக்கோப்பைதானா? எழுதும்போது கை தவறிவிட்டதா? கரண்டிக்குப் பதில் கோப்பை என்று எழுதிவிட்டாயா? தீயும் அவ்வளவு பெரிதா? லர்லீன் செய்து பார்த்தாள். வெளியே கரி, உள்ளே ரத்தம். வீடு முழுக்கப் புகை. நிறையப்பேர் சாப்பிட வந்திருந்தார்கள். பெரிய அவமானமாகிவிட்டது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் எழுது. அவசரம்.

லான்சோ

*

ஹாலோவே
1 நவம்பர் 1953

திரு. அலான்சோ டிஸ்டேல் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அவசரம் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் சர்ச்சிலிருந்து வந்த கையோடு தொப்பியைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

தங்களுக்குச் சில விஷயங்களை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். லர்லீனுக்கு ஏழு வயதில் கொதிக்கும் கொழுப்பு கொட்டி இடது கை வெந்துபோனது. அன்றிலிருந்து அவள் பொரிக்கும் சட்டிக்குப் பத்தடி தூரத்தில் நிற்பவள். அவள் கல்யாணத்துக்கு நாற்பது கோழி பொரித்தவள் நான். வெட்டியவர் தாங்கள். லர்லீன் வாசற்படியில் நின்று, "அக்கா, எண்ணெய் தெறிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளா தினமும் நச்சரிக்கிறாள்?

அடுத்தது கவைத்துண்டு. ஆறு கடையிலும் எட்டுத் துண்டுதான், ஒன்பதாவது இந்த ஊரிலேயே கிடையாது என்று எழுதியது தாங்கள். ஏழாவது கடையில் மட்டும் எங்கிருந்து வந்தது? விற்பதற்காக வெட்டுகிறவர்கள் யாரும் உட்கார்ந்து கவைத்துண்டு எடுக்கமாட்டார்கள். அது வீட்டில் எடுப்பது. ஒரு ஆளை மனதில் வைத்துக்கொண்டு எடுப்பது. அந்த ஊரில் யாரோ ஒருத்தி தங்களுக்காகக் கோழியை ஒன்பதாக வெட்டி, ஒன்பதாவதைத் தனியாக எடுத்துத் தங்கள் கையில் கொடுக்கிறாள். தாங்களும் கண்ணை மூடிக்கொண்டு தின்கிறீர்கள். அது போதாதென்று அவளுக்கு என் கைப்பக்குவம் வேறு வேண்டியிருக்கிறது.

ஓலா மேயின் தம்பி மகன் போன வாரம் டெட்ராய்ட்டிலிருந்து வந்தான். தங்களை ஒரு சந்துக்குள் பார்த்தானாம். பட்டப்பகலில். ஆலைக்காரருக்குப் பட்டப்பகலில் சந்தில் என்ன வேலை? கூட ஒரு பெண்பிள்ளையாம், இடுப்பில் ஏப்ரன், தங்கள் தோளைத் தட்டிச் சிரித்தாளாம். ஓலா மே இதை என்னிடம் சொல்வதற்காக அடுப்பில் வைத்த சோளக்கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். கஞ்சி அடிப்பிடித்தது ஒன்றுதான் அதில் எனக்கு ஆறுதல்.

நான் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

டிசம்பர் முதல் தேதி க்ரூம் வருவார். அதற்குள் தாங்கள் உண்மையை எழுதவில்லை என்றால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அதன்பிறகு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

சர்க்கரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை அப்புறம் பார்க்கலாம்.

வெர்டெல் டிஸ்டேல்

*

டெட்ராய்ட்
8 நவம்பர் 1953

வெர்டெல்,

என்னை இப்படி "அவர்களுக்கு" என்று கூப்பிடாதே. நீ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உண்மையை எழுதுகிறேன். ஜூலை இருபத்துநாலாம் தேதி ஆலையில் எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். ஏழே வாரம்தான் நான் இரும்பு ஊற்றினேன். ஞாயிறு வந்தால் நடக்கிறேன் என்று உனக்கு எழுதினேன் இல்லையா? தினமும்தான் நடந்தேன். ஆலை ஆலையாகப் போய் வாசலில் நின்றேன். நின்ற இடத்தில் எல்லாம் என்னைப்போல நூறு பேர்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் அந்தச் சந்தில் போனேன். மிஸ் குயீனி கடைப் பின்பக்கம் கதவு திறந்திருந்தது. கூட்டிப் பெருக்கும் வேலையாவது கேட்கலாம் என்று நுழைந்தேன். அவர் கோழி வெட்டிக்கொண்டிருந்தார். அதை வெட்டுவது என்று சொல்லக்கூடாது, விறகு பிளப்பது என்று சொல்லலாம். பார்க்கப் பொறுக்கவில்லை. "அம்மா, அதை இப்படிக் குடுங்க" என்று கத்தியை வாங்கிவிட்டேன். யோசிக்கவில்லை, வெர்டெல். கை நீண்டுவிட்டது. ஒரு கோழியை முடித்து நிமிர்ந்தபோதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. பின்கட்டு. அடுத்தவர் கோழி. கையில் கத்தி. அன்று பாஸ்டர் சிரித்த சிரிப்பு என் காதில் கேட்டது.

நீ சொன்னதுதான் நடந்தது. எங்கே போனாலும் கோழிதான் வெட்டுவேன் என்றாய். வந்து மூன்று மாதத்தில் வெட்டினேன். அதை எந்தக் கையால் உனக்கு எழுதுவது?

ஓலா மேயின் தம்பி மகன் பார்த்த பெண்பிள்ளைக்கு அறுபத்தெட்டு வயது. வாயில் கீழ்ப்பல் கிடையாது. சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். "ஒரு புருஷனைப் பொதைச்சு இருபது வருஷமாச்சு. நிம்மதியா இருக்கேன். எனக்குக் கோழி வெட்டற ஆள் மட்டும் போதும்." அவர் தோளைத் தட்டியது, நான் முப்பது கோழியை ஒரு மணி நேரத்தில் முடித்ததற்காக.

அந்தக் கவைத்துண்டை எனக்காக யாரும் வெட்டவில்லை. வெட்டியது நான்தான். எட்டாக வெட்டு என்றுதான் அவர் சொல்கிறார். எப்போதாவது ஒரு கோழியில் கத்தி கேட்பதில்லை. கடைப் பலகையில் எட்டுத் துண்டின் பெயர்தான் எழுதியிருக்கிறது, ஒன்பதாவதை யாரும் கேட்பதில்லை. அதனால் அடுப்படியில் நின்றபடி நான் தின்கிறேன். தின்றபின் எலும்பு கையில் இருக்கும். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். பதினாலு சேர்ந்திருக்கிறது.

செப்டம்பரில் பொரிக்கிற அம்மாள் மகள் வீட்டோடு போய்விட்டார். "நீதான் பொரிக்கணும், ஜார்ஜியாக்காரனுக்குத் தெரியாதா என்ன?" என்றார் மிஸ் குயீனி. தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும். அதனால்தான் லர்லீன் பெயரைச் சொல்லி உன்னிடம் கேட்டேன். உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். சனிக்கிழமை மத்தியானம், சர்ச் பாடகர் குழு நாற்பது பேர். நாற்பது தட்டும் கரி. மிஸ் குயீனி ஒரு துண்டை எடுத்து மேசைமேல் தட்டினார். சத்தம் கேட்டது. "தம்பி, இது கோழியா, இல்ல பழைய ஆலையிலேருந்து எதாவது கொண்டாந்தியா?" என்றார். பாடகர் குழு முழுக்கச் சிரித்தது. மறுபடி அவரே பொரிக்க ஆரம்பித்து, என்னை வெட்டுவதோடு நிறுத்திவிட்டார்.

ஒன்று சொல்கிறேன். பதினோரு வருஷத்தில் நீ கோழிக்குப் பக்கத்தில் சர்க்கரை டப்பாவைக் கொண்டுபோய் நான் பார்த்ததில்லை. அரைக்கோப்பையைக் கொட்டும்போது கை தயங்கியது. ஆனாலும் நீ எழுதியிருந்தாய். நான் பார்க்காதபோது போட்டிருப்பாய் என்று கொட்டிவிட்டேன்.

போன சனிக்கிழமை ஒரு ஆள் வந்தார். தட்டுக் கொண்டுபோகும்போது மேலே தவறுதலாக ஒரு கவைத்துண்டு போய்விட்டது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், நேராக அடுப்படிக்குள் வந்துவிட்டார். "யாருய்யா வெட்டினது? எந்த ஊரு?" ஹாலோவே என்றேன். அவர் ஊர் அங்கிருந்து பன்னிரண்டு மைல். இந்த வாரம் அவர் சொல்லி இருபது பேர் வந்தார்கள், எல்லோரும் ஒன்பதாவதைக் கேட்கிறார்கள். மிஸ் குயீனி பலகையில் அதையும் எழுதிவிட்டார். வெட்டு நம் ஊர்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கடித்தபிறகு முகம் மாறிவிடுகிறது, பொரியல் நம் ஊர் இல்லையே.

இதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை. ஆலை இல்லை. ஒரு அறை, ஒரு கத்தி. க்ரூமிடம் என்ன சொல்வது என்பது உன் இஷ்டம். சிரிப்பதானால் சிரித்துக்கொள், பாஸ்டரிடம் மட்டும் சொல்லாதே.

லான்சோ

*

ஹாலோவே
22 நவம்பர் 1953

லான்சோ,

சிரிக்கவில்லை. அந்த நாற்பது தட்டுக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு சர்க்கரை டப்பாவைப் பற்றி நீ எழுதியிருந்த இடம் வந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

கை தவறவில்லை. அரைக்கோப்பை என்று தெரிந்தேதான் எழுதினேன். தீயும் தெரிந்தேதான். உனக்குச் சோறு போடுகிறவளுக்கு என் கைப்பக்குவத்தையும் கொடுத்துவிட்டு நான் என்ன வைத்துக்கொள்வது என்று நினைத்தேன். அவள் சட்டி கரியாகட்டும், அவள் வீடு புகையட்டும், நீ ஒரு வாய் கடித்துத் துப்பட்டும் என்றுதான் தபாலில் போட்டேன். தபால்பெட்டியில் விழுந்த சத்தம்கூட இனிப்பாக இருந்தது. கடைசியில் அந்தச் சட்டிக்கு முன்னால் நின்றது நீ. கை தயங்கியும் கொட்டியிருக்கிறாய். நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், நீ என்னைச் சந்தேகப்படவில்லை. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீயும் மூன்று மாதம் பொய் எழுதினாய். அதை நான் விட்டுவிடவில்லை, நேரில் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் இதைக் கேள். கோழி வெட்டுவதை நான் அன்று தாழ்வாகச் சொல்லவில்லை. நீ அப்படி எடுத்துக்கொண்டாய். எங்கே போனாலும் உன்னால் அதை விட முடியாது, அது உன் கையில் இருக்கிறது, பின்னே எதற்காக என்னை விட்டுப் போகிறாய் என்று கேட்டேன். கேட்கத் தெரியாமல் கேட்டேன். ஹோட்டல் பின்கட்டும் மிஸ் குயீனியின் பின்கட்டும் ஒன்றா? அங்கே நீ வெட்டியதை யார் வெட்டியது என்று கேட்டு ஒருத்தராவது தொப்பியைக் கழற்றியிருக்கிறாரா?

க்ரூம் முதல் தேதி வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. நானே நடந்துபோய்ச் சொல்லிவிட்டேன். "எங்க போற?" என்றார். "கோழி பொரிக்க" என்றேன். "இங்கயே பொரிக்கலாமே?" என்றார். "வெட்டற ஆளு அங்க இருக்காரு" என்றேன். ஓலா மேயிடம் மேசையையும் நாற்காலிகளையும் கொடுத்துவிட்டேன். மிஸ் குயீனியின் வயதையும் பல்லையும் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீ. இரும்புச் சட்டியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று, பெட்டியைத் தூக்க முடியவில்லை.

சரியான அளவைக் காகிதத்தில் எழுதமாட்டேன். அது எனக்கே எழுத வராது, கைதான் அறியும். கையைக் கொண்டுவருகிறேன். சர்க்கரை கிடையாது, தீ சின்னது, முதல் பாதி மூடி, மறுபாதி திறந்து. இவ்வளவு தெரிந்தால் போதும் உனக்கு.

டிசம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை காலை வந்து இறங்குகிறேன். ஹோசியாவை அனுப்பு, நீ வேலையைப் போட்டுவிட்டு வராதே. சனிக்கிழமை கூட்டம் இருக்கும். நான் தொப்பி போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே வருவேன். மேசையில் உட்காருவேன். நீ பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வா. மிஸ் குயீனி பார்க்கட்டும், பாடகர் குழு பார்க்கட்டும், உன்னைப் பார்க்க ஒருத்தி முன்வாசல் வழியாக வந்திருக்கிறாள் என்று எல்லோரும் பார்க்கட்டும். அப்புறம் ஏப்ரன் கட்டிக்கொள்கிறேன்.

அன்றைக்கு எட்டுத் துண்டையும் யாருக்கு வேண்டுமானாலும் கொடு. ஒரு கோழியின் ஒன்பதாவதை மட்டும் பச்சையாக எடுத்து வை. நான் வந்து பொரிக்கிறேன்.

அந்தக் கடைசி ஞாயிறு எலும்பை இழுத்தபோது நான் என்ன நினைத்தேன் என்று நீ இன்னும் கேட்கவில்லை. நீ போகக்கூடாது என்று நினைத்தேன். நீளமான பாதி என் கையில் இருந்தது, நீ ரயிலில் இருந்தாய். அதனால் இந்தத் தடவை இழுக்க வேண்டாம். கறியை ஆளுக்குப் பாதி தின்றுவிட்டு எலும்பை முழுசாகவே விட்டுவிடலாம். உன் பையில் இருக்கிற பதினாலோடு அதையும் போட்டு வை.

வெர்டெல்